பன்னிரண்டு அடிப்பதற்கு முன்னால்

கிறிஸ்தவக் கோயில்களில் நடக்கும் வழிபாடுகளிலே கதை எழுதுகிறவன் ஒருவன் கூர்ந்து கவனிக்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு நடக்கிற விழிப்பு ஆராதனையைத்தான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு ஏற்கெனவே கதை இருக்கிறது. தொழுவம், குழந்தை, மேய்ப்பர்கள், நட்சத்திரம் என்று எல்லாம் தயாராக இருக்கின்றன. ஆண்டுதோறும் அதை மறுபடி சொன்னால் போதும். வருஷக் கடைசி இரவுக்கு அப்படி ஒரு கதை கிடையாது. அங்கே வந்து உட்காருகிறவர்கள் அவரவர் கழித்த வருஷத்தை மட்டுமே கையில் கொண்டு வருகிறார்கள். அதற்கு ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவிலிருந்து இன்னொரு தொடக்கம் கிளம்ப வேண்டும். எங்கே முடிப்பது, எதைச் சொல்லி முடிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற சங்கடம் கதாசிரியனுக்குப் பழக்கமானது. நாவல் எழுதி முடித்த எவனும் இந்த இரவின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வான்.

இதை மத விமரிசனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாவலுக்குத் தொடக்கம் எப்படி, நடு எப்படி, முடிவு எப்படி என்று பார்ப்பது போல, இந்த ஆராதனையை அதன் உருவத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் உத்தேசம். பார்ப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம், ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் போகிற வடசென்னைக் கடலோரம். அந்த ஒரு ராத்திரியில் இந்தக் கடலோரத்துச் சர்ச்சுகளும் மாதா கோயில்களும் தகரக் கொட்டகை ஜெப வீடுகளும் விளக்கேற்றி விழித்திருக்கின்றன. இந்தக் கரைக்கு இந்த ஆராதனை மற்ற இடங்களைவிட அதிகமாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு உருவத்தின் குறைகளைச் சொல்ல வேண்டுமானால், அது எதற்காக உண்டாயிற்று என்று முதலில் தெரிய வேண்டும். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தில் மொரேவிய சகோதரர்கள் 1733-இல் வருஷக் கடைசி இரவில் கூடி விழித்திருந்ததை இதன் ஆரம்பமாகச் சொல்வார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள். ஆனால் இந்த வழக்கத்துக்கு உடம்பும் உயிரும் கொடுத்தவர்கள் வேறு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம் உண்டு. பகலெல்லாம் பூமிக்குள் இருந்துவிட்டு, இரவில் குடித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்த தொழிலாளிகள், ஜான் வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் திரும்பினார்கள். மனம் திரும்பிவிட்டது, ஆனால் பழகிய இரவு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது? சாராயக் கடையில் கழித்த அதே நேரத்தை அவர்கள் ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்க ஆரம்பித்தார்கள். இது வரம்பு மீறுகிறது, நிறுத்திவிடுங்கள் என்று வெஸ்லியிடம் சிலர் யோசனை சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை, தாமும் போய் அவர்களோடு உட்கார்ந்தார்.

லண்டனில் முதல் விழிப்பு இரவு 1742-ஆம் வருஷம் ஏப்ரல் 9-ஆம் தேதி நடந்தது. எட்டரை மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டிச் சற்று நேரம் வரைக்கும் போகும். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். தூரத்திலிருந்து நடந்து வந்தவர்கள் வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டுமல்லவா? அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு வெஸ்லியிடத்தில் தனி மரியாதை உண்டாயிற்று. திரும்பிப் போகிற கால்களைப் பற்றி யோசிக்கிறவன்தான் நல்ல உருவத்தைப் படைக்க முடியும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்த விழிப்பு ஆதியில் புது வருஷத்துக்காக ஏற்பட்டதே இல்லை. இங்கிலாந்தில் ஜனவரி 1 சட்டப்படி ஆண்டின் முதல் நாளானது 1752-இல்தான். அதற்கு முன் மார்ச்சு 25. வெஸ்லியின் ஜனங்கள் விழித்திருந்தது தங்கள் வாழ்க்கையைக் கணக்குப் பார்ப்பதற்காக. 1755-இல் அவர் இன்னொரு வழிபாட்டையும் சேர்த்தார். கடவுளோடு செய்த உடன்படிக்கையை எல்லோரும் சேர்ந்து நின்று புதுப்பித்துக்கொள்வது அது. இந்த இரண்டும் பிற்பாடு ஆண்டின் விளிம்புக்கு நகர்ந்து வந்து சேர்ந்தன. இரண்டாவது, எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை மூன்றரை மணி நேரம். அதாவது இந்த ஆராதனையின் பெரும்பகுதி நள்ளிரவுக்கு முன்னால் இருந்தது. பன்னிரண்டு மணி என்பது அதன் முற்றுப்புள்ளி மட்டுமே. முற்றுப்புள்ளிக்காக யாரும் வாக்கியம் எழுதுவதில்லை.

வெஸ்லியின் வழிவந்தவர்கள் 1817-இல் சென்னைக்கு வந்தார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மெதடிஸ்டுகளும் ஆங்கிலிகன் சபையாரும் மற்றவர்களும் ஒன்றானார்கள்; வழக்கங்களும் ஒன்றோடொன்று கலந்தன. கத்தோலிக்கர்களுக்கு வருஷக் கடைசி நாளில் நன்றிப் பாடலும், ஜனவரி முதல் தேதியில் மாதாவின் திருவிழாவும் தனியே உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இரவு ஜெபம் சர்வ சாதாரணம். ஆக, இன்று யார் எந்தச் சபையானாலும் அன்று இரவு கோயிலுக்குப் போகாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அபூர்வம். வருஷம் முழுவதும் கோயில் பக்கம் எட்டிப் பாராத மாப்பிள்ளை கூட அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாமியார் பின்னால் வந்து நிற்கிறார்.

தமிழனுக்கு விழித்திருப்பது புதிதும் அல்ல. சிவராத்திரிக்கு நாலு சாமமும் கண் விழிக்கிற ஊர் நம்முடையது. சாமத்துக்கு ஒரு பூஜை, ஒரு அபிஷேகம் என்று இரவைப் பகுத்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குச் சிவராத்திரி முடிந்துவிடுவதில்லை. இரவின் கடைசிச் சாமம் வரை உட்கார்ந்தவனுக்குத்தான் விடியல் சொந்தம். விழிப்பு என்பதன் இலக்கணம் தெரிந்த ஜனங்களிடம்தான் இந்த ஆராதனை வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் குறை என்ன?

இன்றைக்கு இந்த ஆராதனையை எடுத்துக்கொண்டு அதன் பகுதிகளைப் பிரித்துப் பாருங்கள். பழைய வருஷத்துக்கு நன்றி சொல்லும் பாட்டு, பாவ அறிக்கை, சாட்சி சொல்லுதல், பிரசங்கம், பன்னிரண்டுக்கு முந்திய மௌனம், மணியோசை, வாழ்த்து, புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். இதுதான் எலும்புக்கூடு. பல இடங்களில் இந்த எலும்புக்கூட்டின் முதல் பாதி சுருங்கிவிட்டது. பின் பாதி வீங்கிவிட்டது. எட்டரை மணி பதினொன்றரையாகிவிட்டது. "பதினொன்றரைக்கு வைத்தால்தான் ஆள் வருகிறது சார், பத்து மணிக்கு வைத்தால் கிழவிகள்தான் வருவார்கள்" என்று இளம் போதகர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. வாரப் பத்திரிகை ஆசிரியர் தொடர்கதைக்காரனிடம் சொல்வதும் இதுதான்: முதல் அத்தியாயத்திலேயே விறுவிறுப்பு வேண்டும், வர்ணனையைக் குறையுங்கள். குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் விறுவிறுப்பு மட்டும் நிற்கும். எதைப் பற்றிய விறுவிறுப்பு என்பது மறந்துபோகும்.

அரை மணி நேரத்தில் ஒரு வருஷத்தைக் கணக்குப் பார்க்க முடியாது. ஆகவே பாவ அறிக்கை அச்சடித்த தாளிலிருந்து ஓட்டமாக ஓடுகிறது. பிரசங்கம் செய்கிறவர் ஒரு கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்திருக்கிறார். பன்னிரண்டுக்குப் பத்து விநாடி இருக்கும்போது இளைஞர்கள் பின்னாலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் ஒரே ஆரவாரம். கை குலுக்கல், கேக், செல்போனில் படம். ஓட்டல்களில் நடப்பதற்கும் கோயிலில் நடப்பதற்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

சாட்சி சொல்லும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அது ஜனங்கள் தங்கள் வாயால் சொல்லும் கதை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி, பையனுக்கு வேலை, மகளுக்குப் பிரசவம் என்று ஒவ்வொன்றிலும் நாவலுக்கான விஷயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே மாதிரி முடிகின்றன. கஷ்டம் வந்தது, ஜெபித்தோம், தீர்ந்தது, ஸ்தோத்திரம். தீராத கஷ்டக்காரி ஒலிபெருக்கிக்கு முன்னால் வருவதில்லை. அவள் தூணோரம் உட்கார்ந்து தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறாள். ஜெபித்தும் பையன் செத்துப்போனவள் எங்கே போய்ச் சாட்சி சொல்வது? அவளுடைய வருஷமும் வருஷம்தானே? இன்ப முடிவுள்ள கதைகளை மட்டும் பிரசுரிப்போம் என்று ஒரு பத்திரிகை அறிவித்தால் நாம் என்ன சொல்வோமோ, அதைத்தான் இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை. வேதாகமத்திலிருந்து ஒரு வசனத்தை அழகான அட்டையில் அச்சடித்து, பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். சில கோயில்களில் தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்க வேண்டும். வருஷம் முழுவதும் அது கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்திலோ, அரிசி டப்பாவின் மேலோ இருக்கும். எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலுக்கு வெளியே, மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி தன் அட்டையை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இன்னா சார் வந்துகீது எனுக்கு?"

களஞ்சியம் நிரம்பும் என்ற பொருளில் ஒரு வசனம் வந்திருந்தது. படித்துச் சொன்னேன்.

"களஞ்சியம்னா?"

"நெல் கொட்டி வைக்கிற இடம் அம்மா."

"நெல்லா? நம்மகிட்ட ஐஸ் பொட்டிதான் கீது. சரி, அது ரொம்பட்டும்" என்று சிரித்துக்கொண்டே அட்டையை மடியில் செருகிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பை நான் ரசித்தேன். அவள் அந்த அட்டையைவிடப் பெரியவள். தனக்குப் பொருந்தாத வசனத்தைத் தனக்குப் பொருந்தும்படி நொடியில் மாற்றிக்கொண்டாள். ஆனால் அந்தத் தட்டில் வசனம் பொறுக்கி வைத்தவரைப் பற்றி என்ன சொல்வது? வேதாகமம் பெரிய புஸ்தகம். அதில் புலம்பல் என்றே ஒரு ஆகமம் இருக்கிறது. யோபு இருக்கிறார், தாம் பிறந்த நாளையே சபித்தவர் அவர். அநியாய விலைக்கு விற்கிறவனையும், தராசில் ஏமாற்றுகிறவனையும், ஏழையை மிதிக்கிறவனையும் பெயர் சொல்லாத குறையாகத் திட்டுகிற ஆமோஸ் இருக்கிறார். இவர்களில் ஒருவருக்கும் அட்டையில் இடமில்லை. மலைகள் விலகும், களஞ்சியம் நிரம்பும், தலையாவாய், வாலாக மாட்டாய் என்ற பக்கங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தால் எந்தப் பெரிய நூலும் ராசி பலனாகிவிடும்.

இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பதிலும் அற்பமானதல்ல. "நீர் வசதியாக உட்கார்ந்து எழுதுகிறவர். வருஷம் முழுவதும் உழைத்து உழைத்து ஓய்ந்த ஜனங்கள் ஒரு இரவாவது நல்ல வார்த்தை கேட்டுப் போகட்டுமே! அவர்களிடம் போய்ப் புலம்பலையும் யோபுவையும் படிப்பது என்ன கருணை? துக்கம் அவர்களுக்குத் தெரியாதா?" என்று அவர்கள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறுதல் என்பது காயம் எங்கே என்று கேட்ட பிறகு வருவது. நோய் என்ன என்று விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்புகிற டாக்டரிடத்தில் நமக்கு நம்பிக்கை வராது. கிங்ஸ்வுட் தொழிலாளிகள் நம்மைவிட வசதியானவர்கள் அல்ல. அவர்கள் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். துக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தத் துக்கத்தைச் சொல்ல ஒரு இடம் வேண்டும். அந்த இடமாகத்தான் இந்த ஆராதனை ஏற்பட்டது.

வேறொரு உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் 1862 டிசம்பர் 31 இரவு, கறுப்பின மக்கள் கோயில்களில் கூடி விழித்திருந்தார்கள். மறுநாள் 1863 ஜனவரி முதல் தேதி, கலகம் செய்த மாகாணங்களில் அடிமைகளாக இருப்பவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்ற லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வர வேண்டும். வருமா, கடைசி நேரத்தில் மாறிவிடுமா என்ற ஏக்கத்தோடு அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவில் இன்றைக்கும் அவர்களுடைய சபைகள் அந்த இரவைக் கொண்டாடுகின்றன. அவர்களுக்கும் வாக்குத்தத்தம் வேண்டியிருந்தது. ஆனால் அது இன்னது என்று அவர்களுக்குத் தெரியும். அதைத் தர வேண்டியவன் இன்னான் என்றும் தெரியும். குலுக்கிப் போட்ட தட்டிலிருந்து எடுத்ததல்ல அது.

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆராதனை வடசென்னைக் கடலோரத்துக்கு ஏன் அதிகமாகப் பொருந்துகிறது?

ராயபுரம் என்ற பெயர் இராயப்பரிடமிருந்து வந்தது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்றுதான் சொல்லி வந்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் ஏற்படாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு விட்ட சமூகத்தார், 1829-இல் அங்கே அவருக்குக் கோயில் கட்டினார்கள். கடல் தொழில் செய்கிறவர்கள் மீன் பிடித்த சீஷனைத் தங்களவராக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சீஷனுடைய கதையில் இன்னொரு இரவும் இருக்கிறது. தம் குருநாதர் துயரத்தால் வியாகுலப்பட்டு ஜெபம் செய்துகொண்டிருந்த தோட்டத்தில், ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னபோது, அவரால் முடியவில்லை, தூங்கிவிட்டார். சேவல் கூவுவதற்குள் குருவைத் தெரியாது என்றும் மூன்று முறை சொல்லிவிட்டார். விழித்திருக்கத் தவறியவரின் பெயரில் ஒரு ஊர்!

அங்கிருந்து வடக்கே போனால் திருவொற்றியூர். மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்த ஊர் அது. அந்தச் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். கண் பார்வை போயிற்று என்று புராணம் சொல்கிறது. ஒரு பக்கம் உறங்கிப்போனவர். இன்னொரு பக்கம் வாக்குத் தவறியவர். இரண்டு மதத்தாரும் தங்கள் பெரியவர்களின் வழுக்கலை மறைக்காமல் வைத்துக்கொண்டிருக்கிற கரை இது. இங்கே வாக்கு என்பதும் விழிப்பு என்பதும் லேசான வார்த்தைகளாக இருக்க முடியாது.

இன்னும் வடக்கே எண்ணூர். கொசஸ்தலையாறு கடலில் சேருகிற கழிமுகம். ஒரு காலத்தில் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் காற்று வாங்க வந்த இடம். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1948-இல் மோட்டார் ஆலை வந்தது. 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் வேறு மின் நிலையங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டன. 2001-இல் துறைமுகம் வந்தது. நிலக்கரியும் சாம்பலும் எண்ணெயும் ரசாயனமும் இந்த ஊர் ஜனங்களின் தினசரி சகவாசம். கிங்ஸ்வுட்டின் சுரங்கத் தொழிலாளி இங்கே வந்தால், மொழி புரியாவிட்டாலும் கரி படிந்த ஜன்னலைப் பார்த்துத் தன் ஊர்தான் என்று நினைத்துக்கொள்வான்.

இந்த ஜனங்களுக்கு டிசம்பர் கடைசி வாரம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. இந்தக் கரையிலும் வீடுகளும் படகுகளும் உயிர்களும் போயின. அதற்கு ஐந்து நாள் கழித்து வருஷக் கடைசி இரவு. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. வலையிலும் படகிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் தாரைப் போல ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் அதை வாளியில் மொண்டு கொட்டினார்கள். அந்தப் பிசுக்குப் போவதற்குள், டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, மணி பன்னிரண்டை நெருங்குகிற நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பத்தில் உள்ள கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்த ஜனங்கள், எரிகிற கண்களோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாளிலிருந்து ஆலைக்கு எதிரே போராட்டம்.

அதற்கும் ஐந்து நாள் கழித்துத்தான் வருஷக் கடைசி இரவு வந்தது.

எண்ணூரில் அந்த வருஷத்து விழிப்பு இரவு 26-ஆம் தேதியே நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மணி அடிக்காமல், பிரசங்கம் இல்லாமல், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதம் இல்லாமல் ஊரே நடுநிசியில் விழித்துக்கொண்டு தெருவில் நின்றது. அடுத்த மணி நேரத்தில் என்ன வரும் என்று அறியாமல் காத்திருப்பதற்குத்தான் விழிப்பு என்று பெயர். பத்துக் கன்னிகைகளின் உவமையை அந்த இரவில் போதகர்கள் விரும்பிப் பிரசங்கிப்பார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் தூங்கிப்போன ஐந்து பேரை எண்ணூர்க்காரன் எப்படிப் புரிந்துகொள்வான்? அவனுடைய ஆற்றில் எண்ணெய் மிதக்கிறது. அவனுக்குத் தூக்கமும் கிடையாது. அந்த உவமையை இங்கே பிரசங்கிப்பவர், தூங்கியது யார் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஆலையைக் காவல் காக்க வேண்டியவரா, சட்டத்தைக் காவல் காக்க வேண்டியவரா, கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாமா?

இந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிற ஆராதனை, தெரிந்தோ தெரியாமலோ, மறதிக்குத் துணை போகிறது. பன்னிரண்டு மணி அடித்தவுடன் பழையன ஒழிந்தன, எல்லாம் புதிதாயின என்று கை தட்டிவிட்டால், பழைய வருஷத்தில் குழாயைச் சரியாகப் பராமரிக்காதவனுக்கும் அது சௌகரியம். அவனும் நமக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வான். மன்னிப்பு வேறு, மறதி வேறு. இன்னது நடந்தது, இன்னாருக்கு நடந்தது என்று சொன்ன பிறகுதான் மன்னிப்பு என்ற வார்த்தைக்கு அர்த்தம் உண்டாகிறது.

இது முடியாத காரியம் அல்ல. இதே கரையில் ஒரு கோயிலில் வயதான போதகர் ஒருவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பதினொன்றே முக்கால் மணிக்கு அவர் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார். அந்த வருஷம் அந்தத் தெருக்களில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். சபையைச் சேர்ந்தவர், சேராதவர் என்ற கணக்கு இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவன் பெயர் வரும். லாரியில் அடிபட்ட பள்ளிக்கூடப் பெண்ணின் பெயர் வரும். படித்து முடித்ததும் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, முழங்கால் போடுவார். பத்து நிமிஷம் ஒரு சத்தம் இல்லை. முதல் இரண்டு நிமிஷம் இளைஞர்கள் நெளிவார்கள். குழந்தை ஒன்று அழும். பிறகு கடல் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பகலெல்லாம் லாரி ஓட்டத்தில் அமுங்கிக் கிடந்த அந்தச் சத்தம் அப்போதுதான் கோயிலுக்குள் வரும். தூணோரம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தவள் வாய்விட்டு அழுவாள். யாரும் அவளைத் தடுப்பதில்லை. அவளுடைய சாட்சி அது. அதற்குப் பிறகு மணி அடிக்கும்போது, வாழ்த்துச் சொல்கிற குரல்களில் வேறு ஒரு கனம் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்தப் போதகருக்கு இலக்கியப் பயிற்சி கிடையாது. ஆனால் ஒரு முடிவு எங்கிருந்து பலம் பெறுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முடிவுக்கு முந்திய பக்கங்களை நேர்மையாக எழுதியவனுக்குக் கடைசி வரி தானாக வந்துவிடும். முந்திய பக்கங்களை ஏமாற்றியவன்தான் கடைசி வரியில் வாணவேடிக்கை விட வேண்டியிருக்கிறது. நம் நாவலாசிரியர்களில் பலருக்கும் அந்தப் பத்து நிமிஷம் பாடமாக இருக்கும்.

இந்த ஆராதனையை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பன்னிரண்டு மணிக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்; கேக் வெட்டுங்கள், அட்டை கொடுங்கள். பன்னிரண்டுக்கு முந்திய நேரத்தை மட்டும் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். வருஷத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தீராத கஷ்டத்துக்கும் ஒலிபெருக்கி கொடுங்கள். அந்தத் தட்டில் நூறு வாக்குத்தத்தங்களுக்கு நடுவே ஆமோஸுக்கும் ஒரு அட்டை வையுங்கள். யார் கைக்காவது அது போகட்டும். வருஷம் முழுவதும் அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்து அது அவரைக் கேள்வி கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று இரவு எண்ணூரில் உண்மையாகவே விழித்திருக்கிறவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கு வர முடியாதவர்கள். துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருப்பவன், மின் நிலையத்துக் கொதிகலன் பக்கத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவன், ஆலை வாசலில் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி நிற்கிற காவல்காரன், பிரசவ வார்டில் நர்ஸ். அவர்களுக்கு அது இரவு ஷிப்ட், விழிப்பதற்குச் சம்பளம். அவர்களில் ஒருவன் கண் அயர்ந்தாலும் ஊர் தூக்கத்தில் மூச்சுத் திணறும் என்பதை எண்ணூர் அறிந்திருக்கிறது. அவர்களை நினைத்து அந்த மௌனத்தில் ஒரு நிமிஷம் ஒதுக்குகிற கோயில், விழிப்பு என்ற வார்த்தைக்கு அகராதியில் உள்ளதைவிட நல்ல அர்த்தத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்பேன்.